கொம்புக்கு ஏன் மாலை?

"அண்ணே, இன்னைக்குக் கனி நாள். நேத்து திறந்திருந்தா இந்த வாசம் வந்திருக்காது" என்றார் தம்பி, கைப்பேசியை என் பக்கம் திருப்பியபடி. திரையில் ஒரு நாட்காட்டி. நிலா நிற்கும் ராசியைப் பார்த்து ஒவ்வொரு நாளையும் வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று பிரித்து வைத்திருந்தது. அடிலெய்டில் அவர் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் தனியாக வாங்க மனம் வராத விலை என்பதால் நாலு பேர் பணம் போட்டு வாங்கிய புட்டி மேசைமேல் இருந்தது. ஹென்ஷ்கி குடும்பத்தாரின் 'ஹில் ஆஃப் கிரேஸ்' ஷிராஸ், 2010.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கோப்பையைச் சாய்த்தால் நடுவில் நாவல்பழக் கறை, விளிம்பில் செங்கல் நிறம் தட்டத் தொடங்கியிருந்தது. முதலில் வந்தது மிளகு. பிறகு பழுத்த பிளம்ஸ். அதற்கும் அடியில் பிரிஞ்சி இலையும், கற்பூரவல்லியைக் கசக்கினால் வருமே ஒரு பச்சை வாசம், அதுவும். விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு அவசரமில்லாமல் நின்றது. இவ்வளவு நல்ல ஒயினை நான் அதிகம் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குச் சண்டை ஒயினோடு இல்லை.

சண்டை அதற்குச் சொல்லப்படும் காரணத்தோடு. "பசு மாட்டுக் கொம்புல சாணத்தை அடைச்சுக் குளிர்காலம் முழுக்கப் புதைச்சு வைப்பாங்க. அதைத் தண்ணில கரைச்சுத் தோட்டத்துல தெளிப்பாங்க. பிரபஞ்ச சக்தி கொடிக்குள்ள இறங்கும். அதான் ரகசியம்" என்று தம்பி விளக்கினார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஒருவர் மென்பொருள் பொறியாளர், இன்னொருவர் மருத்துவர். மகளுக்கு வரன் பார்க்கும்போது ஜாதகக் கட்டைத் தொடமாட்டேன் என்று ஊரில் தகராறு செய்தவர் அந்த மருத்துவர்தான்! விருந்தாளி என்பதால் நான் அன்று வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

இது அந்தத் தம்பியின் தனிக் கருத்து அல்ல. நல்ல ஒயின் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும், எந்த ஒயின் இதழைப் புரட்டினாலும் இதே பேச்சுதான். இந்தக் கொம்பு முறைக்குப் பெயர் பயோடைனமிக். அந்தச் சொல் முகச்சீட்டில் இருந்தால் அந்த ஒயினுக்கு 'உயிர்' இருக்கிறதாம், மண் பேசுகிறதாம். மூன்று தலைமுறைக் குடும்பம், நூறு வயதுக் கொடி, கொம்பு உரம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். முதல் இரண்டு செய்த வேலைக்கு மூன்றாவதன் கழுத்தில் மாலை விழுகிறது.

ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். ஹில் ஆஃப் கிரேஸ் தோட்டம் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிரே க்னாடென்பர்க் என்ற பழைய லூத்தரன் தேவாலயம். அந்த ஜெர்மன் பெயரின் ஆங்கிலப் பொருள்தான் ஒயினின் பெயர். தோட்டத்தின் பரப்பு 8 ஹெக்டேர். அதில் பாதியளவில்தான் ஷிராஸ். அங்கே 'தாத்தாக் கொடிகள்' என்று செல்லமாக அழைக்கப்படும் பகுதி 1860-ஐ ஒட்டி நட்டது. பயோடைனமிக் முறைக்கு வித்திட்ட ரூடால்ஃப் ஸ்டைனர் மாட்டுக் கொம்பைப் பற்றி உலகுக்குச் சொன்னது 1924 ஜூன் மாதம். அப்போது அந்தக் கொடிகளுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ஹென்ஷ்கி குடும்பத்தின் நான்காம் தலைமுறையான சிரில், இந்தத் தோட்டத்துப் பழத்தை மட்டும் தனியாக எடுத்து முதல் ஹில் ஆஃப் கிரேஸைச் செய்தது 1958-இல். போர்ட் மாதிரி இனிப்பும் வீரியமும் கூட்டிய சரக்கையே ஆஸ்திரேலியா பெருமளவு குடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரே தோட்டத்தின் பெயரில் ஒரு சிவப்பு ஒயினை நிறுத்திக் காட்டினார் அவர். 1979-இல் சிரில் இறந்த பிறகு மகன் ஸ்டீபனும் மருமகள் புரூவும் பொறுப்பேற்றார்கள். பயோடைனமிக் முறைகள் தோட்டத்துக்குள் வந்தது இவர்கள் காலத்தில். சிரில் செய்த ஒயின்களில் கொம்பு இல்லை. கொடி அதே கொடி, மண் அதே மண்.

பிரான்சுக்குப் போனால் கதை இன்னும் கூர்மை. பர்கண்டியின் ரொமானே-கோந்தி தோட்டம் இன்று முழுக்க பயோடைனமிக். அந்த இயக்கத்துக்கே அது மணிமகுடம். ஆனால் அந்தத் தோட்டத்தின் 1945 புட்டி ஒன்று 2018-இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. அந்த ஆண்டுப் பழம் வந்தது ஒட்டுக்கட்டாத மிகப் பழைய கொடிகளிலிருந்து. வேரைத் தின்னும் ஃபிலாக்செரா பூச்சி பிரான்சின் திராட்சையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அழித்துவிட்ட பிறகும் அந்தக் கொடிகள் உயிரோடு இருந்தது எப்படி? மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடு என்ற நச்சு ரசாயனத்தை ஊசி போட்டுப் போட்டுத்தான். போர்க்காலத்தில் அந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் கொடிகள் சோர்ந்தன. 1945 அறுவடைக்குப் பிறகு பிடுங்கி எறிந்தார்கள். ரசிகர்கள் கனவு காணும் அந்தப் பழங்கொடிச் சிவப்பு ஒயின், ரசாயன ஊசியில் உயிர் தரித்த கொடியின் பழம். ரசாயனம் நல்லது என்று சொல்ல நான் இதை எடுக்கவில்லை. கொடி எது, நிலம் எது, எவ்வளவு குறைவாகக் காய்த்தது என்பதே அங்கே பேசியது என்பதைக் காட்டவே எடுத்தேன்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். இங்கே பனம்பழம் முதலில் விழுந்துவிட்டது. காக்கை அறுபது வருடம் கழித்து வந்து உட்கார்கிறது. அப்படியும் பழம் காக்கையின் கணக்கில்.

கொஞ்சம் கொம்புக்குள்ளேயே எட்டிப் பார்ப்போம். செய்முறை நம்மூர் இயற்கை விவசாயிகளுக்கும் புதிதல்ல; 'கொம்பு சாண உரம்' என்று பயிற்சிக் கூட்டங்களில் செய்து காட்டுவதுண்டு. பசுவின் கொம்பில் சாணத்தைத் திணித்து, குளிர்காலத்தில் குழிக்குள் வைத்து மூடி, வசந்தத்தில் எடுத்தால் உள்ளே கருத்து, நாற்றமில்லாமல், பிசைந்த புளி மாதிரி ஒரு பண்டம் இருக்கும். ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிராம். முப்பது நாற்பது லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுற்றிச் சுழி ஆழமானதும் சட்டென்று மறுபக்கம் சுற்ற வேண்டும். பிறகு தெளிப்பு. இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு ஆள் சம்மணமிட்டு உட்காரும் ஒரு சதுர மீட்டர் இடத்துக்கு விழுவது ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு, அதாவது மூன்று நான்கு கடுகின் எடை. உரமாக இது எதற்கும் காணாது. 'உரமில்லை, நுண்ணுயிர் விதை' என்பார்கள். நல்ல தோட்ட மண் ஒரு கிராமிலேயே கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது. கடலில் பெருங்காயம் கரைத்த கதை.

இன்னும் இருக்கிறது. ஓக் மரப்பட்டையை வளர்ப்பு விலங்கின் மண்டையோட்டுக்குள் அடைத்து வைப்பது. யாரோ என்ற செடியின் பூவை ஆண் மானின் சிறுநீர்ப்பையில் கட்டித் தொங்கவிடுவது. வயல் எலி தொல்லையா? வெள்ளி விருச்சிகத்தில் நிற்கும்போது எலித் தோலை எரித்துச் சாம்பலைத் தூவுவது. நான் கேலிக்காகச் சேர்த்ததில்லை. ஸ்டைனரின் எட்டுச் சொற்பொழிவுகளில் உள்ளவைதான். அவர் உழவர் அல்ல, மெய்ஞ்ஞானம் பேசியவர். மது மனிதனின் ஆன்ம வளர்ச்சிக்குத் தடை என்று கருதியவரும்கூட. உலகின் விலையுயர்ந்த ஒயின்கள் இன்று அவர் பெயரில் விற்பதைப் பார்த்தால் மனிதர் என்ன சொல்வாரோ! ஒரு நியாயத்தை மட்டும் அவருக்குச் செய்துவிட வேண்டும். தான் சொன்னதை அப்படியே நம்பச் சொல்லவில்லை அவர். உழவர்கள் கூடிச் சோதித்துப் பார்க்க ஒரு வட்டத்தையே ஏற்படுத்தினார். பக்தர்கள் மறந்தது அந்த ஒன்றைத்தான்.

ஒரு சுவாரசியமான தற்செயல். அந்தச் சொற்பொழிவுகள் நடந்த கோபர்விட்ஸ் பண்ணை சைலீசியாவில் இருந்தது; இன்று அது போலந்து. ஹென்ஷ்கி குடும்பத்தின் மூதாதையான யோஹான் கிறிஸ்டியான் 1841-இல் மதநெருக்கடிக்கு அஞ்சிக் கிளம்பியதும் அதே சைலீசியாவிலிருந்துதான். கொம்பு பிறந்த மண்ணை விட்டு, கொம்பு பிறப்பதற்கு 83 வருடம் முன்பே கப்பலேறிவிட்டார்கள்.

நாட்காட்டிக்கு வருவோம். மரியா துன் என்ற ஜெர்மானியப் பெண்மணி தொகுத்தது அது. ஸ்டைனரும் சொல்லாத ஒன்று அதோடு ஒட்டிக்கொண்டது. விதைக்க மட்டுமல்ல, ஒயின் குடிக்கவும் நாள் பார்க்க வேண்டுமாம். பிரிட்டனில் பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களே விமர்சகர்களைக் கூப்பிட்டுச் சுவைக்கக் கொடுக்கும் கூட்டங்களைக் கனி நாளில் வைக்கப் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்ததுண்டு. தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு இருக்காது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினக் காலண்டரைக் கிழிக்கும்போது மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று அடியில் போட்டிருக்கிறதே, அதுவும் நிலா நிற்கும் நட்சத்திரத்தை வைத்துத்தான். கிழங்கு நடவும் கிணறு வெட்டவும் கீழ்நோக்கு நாள். என் அப்பாவும் பார்ப்பார். ஆனால் மழை வந்து ஈரம் இருந்தால் நோக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு விதைக்கப் போய்விடுவார். வயலில் நின்றவருக்கு எது முதல், எது இரண்டாவது என்று தெரிந்திருந்தது.

நாட்காட்டியைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். நியூசிலாந்தில் 19 ஒயின் தொழில் வல்லுநர்களுக்கு அந்நாட்டின் 12 பினோ நுவார் ஒயின்களைப் பெயர் மறைத்துக் கொடுத்தார்கள். கனி நாளிலும் கொடுத்தார்கள், வேர் நாளிலும் கொடுத்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. நாளுக்கும் சுவைக்கும் தொடர்பே தென்படவில்லை. அன்று எங்கள் மூக்கில் ஏறிய மிளகு வாசத்துக்கும் ஒரு பெயர் உண்டு: ரோட்டண்டோன். நம் மிளகில் இருக்கும் அதே சேர்மம் ஷிராஸ் பழத்திலும் இருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தார் 2008-இல் எழுதினார்கள். குளிர்ச்சியான இடத்தில் மெதுவாகப் பழுத்தால் அது கூடும். ஈடன் பள்ளத்தாக்கின் உயரம் அங்கே வேலை செய்கிறது. ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் எந்த நாளிலும் தெரியாது என்பதும் அதே ஆய்வில் உண்டு. எங்கள் நால்வரில் மிளகு தெரியவில்லை என்றவர் மருத்துவர். அவருக்கு இன்னொரு கனி நாள் வரட்டும் என்று தம்பி ஆறுதல் சொன்னார்.

எதிர்த்தரப்பின் கையில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வலுவான சீட்டு ஒன்று இருக்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் மகாலி டெல்மாஸும் குழுவும் 74,000-க்கும் மேற்பட்ட கலிபோர்னிய ஒயின்களுக்கு விமர்சகர்கள் போட்ட மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தார்கள். சூழல் சான்றிதழ் பெற்ற தோட்டங்களின் ஒயின் நூற்றுக்குச் சராசரியாக 4.1 புள்ளி முன்னால் நின்றது. பிறகு பிரெஞ்சு ஒயின்களைப் பார்த்தபோது பயோடைனமிக் இன்னும் முன்னால். இதைக் காட்டி 'பார்த்தீர்களா' என்கிறார்கள்.

பார்த்தேன். யார் சான்றிதழுக்குப் போகிறார்கள் என்றும் பார்த்தேன். குறைந்த மகசூலுக்கு அஞ்சாதவர், கையால் அறுப்பவர், வரிசை வரிசையாகத் தினமும் நடப்பவர், அதற்கெல்லாம் பணமும் பொறுமையும் உள்ளவர். வகுப்பில் டியூஷன் போகும் பிள்ளைகள் நெற்றியில் விபூதியும் வைத்திருந்தால், மதிப்பெண் விபூதிக்கா டியூஷனுக்கா? தெரிந்துகொள்ள ஒரே வழி மற்றதெல்லாம் சமமாக இருக்க, கொம்பை மட்டும் சேர்த்தும் விட்டும் பார்ப்பது. கலிபோர்னியாவின் யுகையா அருகே ஒரு மெர்லோ தோட்டத்தில் அதைச் செய்தார்கள். எல்லா வரிசைக்கும் ஒரே இயற்கை விவசாயம். பாதி வரிசைக்கு மட்டும் பயோடைனமிக் கலவைகள். ஆறு ஆண்டுக்குப் பிறகும் மண்ணின் தரத்தில் வேறுபாடு இல்லை, மகசூலிலும் இல்லை. 2003-இல் மட்டும் பழத்தின் சர்க்கரை அளவு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, அதன்மேல் ஒரு மதத்தைக் கட்டவும் விருப்பமில்லை. ஜெர்மனியின் கைசன்ஹைமில் 2006 முதல் ரீஸ்லிங் கொடிகளில் நடக்கும் நீண்ட சோதனையிலும் ஏறத்தாழ இதே கதை. இயற்கை முறையும் பயோடைனமிக் முறையும் வழக்கமான விவசாயத்தைவிட வளர்ச்சியிலும் மகசூலிலும் குறைந்தன. ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடவில்லை. ஸ்டீபனும் புரூவும் இளவயதில் படிக்கப் போனது இதே கைசன்ஹைமுக்குத்தான்.

புரூ ஹென்ஷ்கி செய்ததைச் சொன்னால் கொம்பு தானாகச் சின்னதாகிவிடும். அவர் தாவரவியல் படித்தவர். தாத்தாக் கொடிகளில் எது சீராகக் காய்க்கிறது, எது நோய் தாங்குகிறது என்று வருடக்கணக்கில் குறித்துவைத்து, தேர்ந்த கொடிகளிலிருந்து மட்டும் குச்சி எடுத்துப் புதுக் கன்றுகள் வளர்த்தார். கொடிக்கடியில் வைக்கோல் மூடாக்கு, ஈரம் காக்க. வரிசைகளுக்கிடையே அந்த மண்ணுக்கே உரிய வாலபிப் புல். தோட்ட ஓரத்தில் பர்சேரியா என்ற உள்ளூர்ப் புதர். அதில் தங்கும் பூச்சிகள் கொடியைத் தாக்கும் பூச்சிகளைத் தின்னும். பயோடைனமிக் கலவைகளும் அங்கே பயன்படுகின்றன. ஆனால் இந்தப் பட்டியலில் எதை எடுத்துவிட்டால் தோட்டம் தள்ளாடும் என்று ஒரு உழவரைக் கேளுங்கள். மூடாக்கு என்பார், கவாத்து என்பார். கொம்பு என்று சொல்லத் தயங்குவார்.

கவாத்தைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஈடன் பள்ளத்தாக்கின் குளிர்காலத்தில் கொடி இலையெல்லாம் உதிர்த்து வெறும் குச்சியாக நிற்கும். நூற்றைம்பது வயதுத் தண்டு தொடை பருமனுக்கு முறுக்கிக்கொண்டு, அங்கங்கே உள்ளீடற்றுப் போய், ஒரு பக்கம் செத்து மறுபக்கம் தளிர்க்கும். போன வருடம் எங்கே வெட்டினோம், சாறு எந்த வழியாக ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, இரண்டு கண் விட்டு மற்றதை நறுக்க வேண்டும். தப்பான இடத்தில் வெட்டினால் காயத்தின் வழியே பூஞ்சை இறங்கும். ஒரு கை முழுதும் காய்ந்துபோகும். அப்படிக் காய்ந்த கையை எந்த நிலாவும் திருப்பித் தராது. இந்த வேலையை ஜூலைக் குளிரில், விரல் மரத்துப்போக, நாள் முழுதும் குனிந்து செய்கிற ஆளின் பெயர் எந்த முகச்சீட்டிலும் இல்லை. என் கோபம் இங்கேதான். பிரபஞ்ச சக்தி என்ற சொல் விழுங்குவது அந்த ஆளின் கூலியுழைப்பை.

பழங்கொடி என்ற சொல்லையும் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கலாம். பரோசா வட்டாரத்தார் 2009-இல் ஒரு படிவரிசை வகுத்தார்கள்: 35 வயது தாண்டினால் பழங்கொடி, 70 தாண்டினால் தப்பிப் பிழைத்தது, 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினால் மூதாதை. கிழக்கொடி குறைவாகக் காய்க்கும், வேர் ஆழம் போயிருக்கும், தண்டில் சேமிப்பு இருப்பதால் வறட்சியில் பதறாது. இதெல்லாம் உண்மை. ஆனால் வயதே தரம் என்பது பாதிதான். மோசமான நிலத்தில் நட்ட கொடி நூறு வருடம் இருக்காது. யாராவது பிடுங்கி வேறு பயிர் வைத்திருப்பார்கள். தப்பி நிற்பவை நல்ல நிலத்தில் நட்டவை, அதனால் விட்டுவைக்கப்பட்டவை. 1980-களில் ஒயின் மலிந்து விலை விழுந்தபோது, கொடியைப் பிடுங்குகிறவருக்குத் தெற்கு ஆஸ்திரேலிய அரசே பணம் கொடுத்தது. நூறு வயதுக் கொடிகள் விறகானது அப்போதுதான். பணம் வேண்டாம் என்று கொடியை வைத்துக்கொண்ட குடும்பங்களுக்கு அன்று கிறுக்கர் பட்டம்.

இன்னொன்றும் அவற்றைக் காப்பாற்றியது, அதற்கு மந்திர வாசனையே கிடையாது: ஒரு சட்டம். பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் 1877-இல் ஃபிலாக்செரா கண்டுபிடிக்கப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1899-இல் தனிச்சட்டமே இயற்றி, வெளியிலிருந்து கொடியும் கன்றும் நுழைவதைக் கட்டுப்படுத்தியது. அந்தப் பூச்சி இன்றுவரை அந்த மாநிலத்துக்குள் கால் வைக்கவில்லை. தாத்தாக் கொடிகள் தம் சொந்த வேரில் நிற்பதற்குக் காரணம் எல்லையில் நின்று வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைச் சோதித்த அதிகாரிகள். அவர்களுக்கு யார் கோப்பை உயர்த்துகிறார்கள்?

'சரி, கொம்பு வேலை செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதை நம்புகிறவன் தோட்டத்தை இன்னும் கவனமாகப் பார்க்கிறானே, அதில் என்ன கேடு?' இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். நானும் பல நாள் இதையே எனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சடங்கு ஆளைத் தோட்டத்துக்குள் நடக்க வைக்கிறது, நடப்பவன் கண்ணில் நோய் சீக்கிரம் படுகிறது. உண்மை. ஆனால் கேடு இரண்டு இருக்கிறது. ஒன்று, மயில்துத்தம். அடிச்சாம்பல் நோய் வந்தால் பயோடைனமிக் உழவரின் கையிலும் கடைசி ஆயுதம் தாமிரம்தான், 1880-களில் பிரான்சில் கண்டுபிடித்த அதே போர்டோ கலவையின் வழிவந்தது. தாமிரம் மட்காது, மண்ணில் சேர்ந்துகொண்டே போய் மண்புழுவைப் பாதிக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு கட்டியது. பயோடைனமிக் சான்றிதழ் தரும் டெமிட்டர் அதைவிடக் கடுமையாக ஆண்டுக்குச் சராசரி 3 கிலோ என்கிறது. கடுமையை மெச்சுகிறேன். ஆனால் மருந்தே இல்லாத தோட்டம், பிரபஞ்சமே பார்த்துக்கொள்கிறது என்று கடைக்காரர் சொல்லும்போது இந்தத் தாமிரம் எங்கே ஒளிகிறது?

இரண்டாவது, தோல்வி வரும்போது பழி யார்மேல் விழுகிறது என்பது. போர்தோவின் பான்தே-கானே பெரிய குடும்பத் தோட்டம். பயோடைனமிக்குக்கு மாறிய புதிதில், 2007-இல், அடிச்சாம்பல் நோய் பரவியபோது பயந்து ரசாயனம் அடித்தார்கள். பிறகு அதைத் தங்கள் பிழை என்று வெளிப்படையாகவே சொல்லி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கி 2010-இல் சான்றிதழ் பெற்றார்கள். அவர்களிடம் பணம் இருந்தது, ஓர் ஆண்டு போனாலும் அடுத்த ஆண்டு வரும். சிறிய தோட்டக்காரனுக்கு ஒரு அறுவடை போனால் கடன்தான். முறை சரியாக இருந்தது, நீதான் நம்பிக்கையோடு செய்யவில்லை என்று அவனிடம் சொல்வது எளிது. தோற்றால் மனிதன், வென்றால் கொம்பு என்ற கணக்கில் கொம்பு ஒருநாளும் தோற்காது.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஒயின் சுவைப்பே ஏமாற்று, கண்ணைக் கட்டினால் எல்லாம் ஒன்று, பழங்கொடியும் குடும்பமும் விளம்பரம் என்பார்கள். அவர்களோடும் எனக்கு ஒட்டு இல்லை. அன்று அந்தக் கோப்பையில் இருந்தது சாதாரணப் பொருள் அல்ல. அதற்கு ஒரு வரலாறும் சில மனிதர்களும் காரணம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன்.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பின்கட்டில் புட்டி திறக்கும்போது கைப்பேசியை உள்ளேயே வைத்துவிட்டு வா. 2011-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் மழை விடாமல் பெய்தது. பூஞ்சை நோய் தோட்டம் தோட்டமாக ஏறியது. அந்த ஆண்டிலும் நாட்காட்டியில் கனி நாட்கள் வரிசை தப்பாமல் வந்து போயின. ஹென்ஷ்கி குடும்பத்தார் பழத்தைப் பார்த்தார்கள், போதாது என்று முடிவு செய்தார்கள். 2011 என்று ஆண்டு போட்ட ஹில் ஆஃப் கிரேஸ் எந்தக் கடையிலும் கிடைக்காது.